அட்ரினல் நோயும் இன்சுலினோமாவும் ஒன்றாக: எந்தச் சிகிச்சை முதலில்?

கேள்வி கேட்டவர்: வால்முடி

ஆண் ஃபெரெட் (கீரி போல் நீண்ட உடம்புள்ள சிறு வளர்ப்புப் பிராணி), வயது 5, எடை 950 கிராம். குட்டியிலேயே கருத்தடை ஆனது. வாலடியில் தொடங்கிய முடி உதிர்வு இப்போது இடுப்பின் இரண்டு பக்கமும் ஏறிவிட்டது, தோள்பட்டையைச் சொறிந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நாளாகத் தூங்கி எழுந்ததும் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன, ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கிறது, வாயை முன்காலால் சுரண்டுகிறது.

மருத்துவமனையில் 4 மணி நேரம் சாப்பாடு நிறுத்தி எடுத்த இரத்தச் சர்க்கரை 54 மி.கி./டெ.லி. ஸ்கேனில் இடது அட்ரினல் (சிறுநீரகத்தை ஒட்டிய ஹார்மோன் சுரப்பி) பெருத்திருக்கிறது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே அட்ரினலுக்கு டெஸ்லோரெலின் 4.7 மி.கி. இம்ப்ளான்ட் (தோலடியில் வைக்கும் மருந்து) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தெரியவேண்டியவை: இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கலாமா? இம்ப்ளான்ட் வைக்க மயக்க மருந்து கொடுத்தால் அதற்கான பட்டினியைச் சர்க்கரை தாங்குமா? சிரப் பாட்டிலில் 5 மி.லி.க்கு 15 மி.கி. என்று இருக்கிறது, எத்தனை மி.லி. கொடுக்க வேண்டும்? வீட்டில் திடீரென்று சுருண்டு விழுந்தால் என்ன செய்வது?

பதில்: ஈரமூக்கு

சர்க்கரைதான் முதலில். அட்ரினல் நோய் மாதக்கணக்கில் மெல்ல நகரும். சர்க்கரை இறங்கினால் ஒரே இரவில் ஆளைச் சாய்த்துவிடும். பட்டினிச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலே சந்தேகம், 60க்குக் கீழே என்றால் இந்த வயதில், இந்த அறிகுறிகளோடு, இன்சுலினோமா, அதாவது இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் கணையக் கட்டி, என்றே எடுத்துக்கொள்ளலாம். 54 அவசரமாகக் கவனிக்க வேண்டிய எண். பிரெட்னிசொலோனை இன்றே தொடங்குங்கள். இம்ப்ளான்ட்டை, தள்ளாட்டமும் வெறித்த பார்வையும் நின்று ஒன்றிரண்டு வாரம் நிலையாக இருந்தபின் வைத்துக்கொள்ளலாம். ஒன்று மற்றதைக் கெடுக்காது. ஆனால் சேர்த்துத் தொடங்கினால், உடம்பு சோர்ந்தால் எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அளவுக் கணக்கு: 5 மி.லி.க்கு 15 மி.கி. என்றால் 1 மி.லி.யில் 3 மி.கி. உங்கள் ஃபெரெட்டுக்கு ஒரு வேளைக்கு 0.95 × 0.5 = 0.475 மி.கி. அதை 3ஆல் வகுத்தால் 0.158, அதாவது 0.16 மி.லி. சீட்டில் 0.5 என்று பார்த்துவிட்டு 0.5 மி.லி. இழுத்துக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது 1.5 மி.கி., மூன்று மடங்கு. 0.01 மி.லி. கோடுகள் உள்ள 1 மி.லி. சிரிஞ்ச் வாங்குங்கள். 5 மி.லி. சிரிஞ்சில் 0.16ஐ அளக்கவே முடியாது. இன்சுலின் சிரிஞ்சில் இருப்பது யூனிட் கோடுகள், அதை மி.லி. என்று படித்துவிடாதீர்கள். உங்கள் கணக்கை டாக்டரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிரப்பின் உட்பொருள் பட்டியலில் ஆல்கஹாலும் சைலிடால் என்ற இனிப்பூட்டியும் இருக்கக்கூடாது. பிரெட்னிசோன் வேறு மருந்து. கல்லீரல் அதை மாற்றினால்தான் வேலை செய்யும். அதனால் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள்.

சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். இந்த மருந்து இரைப்பையைப் புண்ணாக்கும். மலம் தார் மாதிரி கறுத்து ஒட்டினாலோ, பல்லை நறநறவென்று கடித்தாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மெலோக்சிகாம் போன்ற வலி மருந்தை இதோடு சேர்க்கக்கூடாது, வேறு டாக்டர் எழுதினாலும் பிரெட்னிசொலோன் ஓடுவதை முதலில் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று மருந்தைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப் போயிருக்கும்.

இன்னொன்றும் இப்போதே தெரிந்திருக்கட்டும். இந்த மருந்து கணையக் கட்டியைத் தொடுவதே இல்லை. கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளிக்கொண்டுவந்து சமாளிக்கிறது, அவ்வளவுதான். கட்டி வளர வளர அளவும் ஏறும், கிலோவுக்கு 2 மி.கி. வரைகூடப் போகும். நடுவிலேயே டையசாக்சைடு சேர்ப்பார்கள், வழக்கமாகக் கிலோவுக்கு 5 மி.கி. இருவேளை என்று தொடங்கி. அது கணையம் இன்சுலினை வெளிவிடுவதையே குறைக்கும். சிலவற்றுக்குக் குமட்டலும் பசியின்மையும் வரும், அதனால் அதுவும் சாப்பாட்டோடுதான்.

சாப்பாட்டு விஷயம் மருந்துக்குச் சமம். ஃபெரெட்டின் குடல் குட்டை, உண்டது 3 முதல் 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தானாகச் சாப்பிடாவிட்டால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே ஊட்ட வேண்டும், இரவிலும். இறைச்சிப் புரதம் 35 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு 20 சதவீதம் அளவில் உள்ள தீனியாகப் பாருங்கள். தானியமில்லாதது என்று அச்சிட்ட பாக்கெட்டை மட்டும் நம்ப வேண்டாம். தானியத்துக்குப் பதில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டிருப்பார்கள், அதுவும் மாவுச்சத்துதான். உலர்திராட்சை, வாழைப்பழம், பிஸ்கட், இனிப்புப் பசை எதுவும் வேண்டாம். சர்க்கரை ஏறினால் கட்டி இன்சுலினைக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் முன்னைவிடக் கீழே விழும்.

பதில்: கம்பளிச்சுரங்கம்

சுருண்டு விழுந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் தேன் அல்லது குளுக்கோஸ் சிரப், பஞ்சுக் குச்சிகள், ஊசியில்லாத சிரிஞ்ச், துண்டு, குழைத்து ஊட்டத் தயாராக இறைச்சி உணவு, டாக்டரின் இரவு எண் எல்லாம் இன்றே வைத்துவிடுங்கள்.

முதலில் இது தூக்கமா மயக்கமா என்று பாருங்கள். ஃபெரெட்டுகள் எழுப்பினாலும் எழாத அளவுக்கு ஆழ்ந்து தூங்கும். அந்தத் தூக்கத்தில் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும், ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும், தூக்கி மெல்லத் தட்டினால் ஓரிரு நிமிடத்தில் கொட்டாவி விட்டு எழுந்துவிடும். சர்க்கரை இறங்கியதில் கண் திறந்தபடி பளபளக்கும், எச்சில் ஒழுகும், உடம்பு துணியாய்த் தொங்கும், தொட்டால் குளிர்ந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் சர்க்கரை இறங்கியது என்றே நடத்துங்கள்.

பஞ்சுக் குச்சியில் தேனைத் தொட்டு, உதட்டை ஒதுக்கிக் கன்னப்பக்க ஈறில் மெல்லியதாகத் தடவுங்கள். விரலை வாய்க்குள் விடாதீர்கள், வலிப்பில் இறுகும் தாடை விரலைக் கிழித்துவிடும். சிரிஞ்சால் தொண்டைக்குள் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாத நிலையில் அது நுரையீரலுக்குப் போகும். பக்கவாட்டில் படுக்க வைத்து, துண்டால் போர்த்தி, சில நிமிடத்துக்கு ஒருமுறை தடவிக்கொண்டே இருங்கள்.

தலையைத் தூக்கி நாக்கால் நக்கத் தொடங்கியதும் தேனை நிறுத்திவிட வேண்டும். பலரும் இங்கேதான் தவறுவார்கள். தெளிந்துவிட்டதே என்ற நிம்மதியில் இன்னும் நாலு சொட்டுத் தேன் கொடுத்தால், மேலே ஈரமூக்கு சொன்ன அதே சுழல் தொடங்கும். உடனே இறைச்சிக் கூழ் 5 முதல் 10 மி.லி. ஊட்டுங்கள், வாயோரமாக, ஒவ்வொரு மி.லி.யாக, விழுங்கியதைப் பார்த்து அடுத்தது. தோல் நீக்கிய கோழி இறைச்சியை உப்பில்லாமல் வேகவைத்து, அதே நீரோடு கூழாக அரைத்து, சின்னப் பனிக்கட்டித் தட்டில் உறைய வைத்தால் ஒரு வில்லை ஒரு வேளை. வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். இது அவசரத்துக்கும் இடைத்தீனிக்கும்தான், எலும்பில்லாத வெறும் இறைச்சியில் கால்சியம் போதாது என்பதால் இதையே முழு உணவாக்க வேண்டாம்.

10 நிமிடத்தில் தெளியவில்லை என்றாலோ, வலிப்பு வந்தது என்றாலோ தேன் தடவியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்ற வேண்டியிருக்கும். தெளிந்துவிட்டாலும் அன்றே டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள், மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம்.

பதில்: பழுப்புமீசை

அட்ரினல் பக்கம் யாரும் இன்னும் தொடாததால் எழுதுகிறேன். நாய்களுக்கு வரும் அட்ரினல் நோயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் கூடும். ஃபெரெட்டில் கூடுவது ஈஸ்ட்ரஜன் போன்ற பாலியல் ஹார்மோன்கள். கருத்தடை செய்தபின் மூளையடிச் சுரப்பிக்கு "போதும், நிறுத்து" என்று சொல்ல விதைப்பையோ சூலகமோ இல்லை. அந்தச் சுரப்பியிலிருந்து எல்.ஹெச். என்ற ஹார்மோன் ஓயாமல் வந்து அட்ரினலைத் தூண்டுகிறது, அது வீங்கி, கட்டியாகிறது. டெஸ்லோரெலின் அந்த எல்.ஹெச்.சை அடக்குகிறது. கட்டியைக் கரைக்காது, ஆனால் ஹார்மோன் குறைவதால் சொறி, வாடை, முடி உதிர்வு எல்லாம் தணியும். சில வாரங்களில் சொறி குறையும், முடி முளைக்க இரண்டு மூன்று மாதம் கூட ஆகலாம். 4.7 மி.கி. இம்ப்ளான்ட் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் வேலை செய்யும், 9.4 மி.கி. அதைவிட நீண்ட காலம். நாள்காட்டியைப் பார்த்து மாற்றுவதைவிட, வாலடி முடி மறுபடி மெலிவதைப் பார்த்து அடுத்ததை வைப்பது நல்லது.

ஆண் என்பதால் முக்கியமாக ஒன்று: இம்ப்ளான்ட் முதல் இரண்டு வாரம் ஹார்மோனை அடக்குவதற்கு முன் ஏற்றிவிடும். சிறுநீர்ப் பாதையைச் சுற்றியுள்ள புரோஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே வீங்கியிருந்தால் அந்த ஏற்றத்தில் சிறுநீர்ப் பாதை அடைபடலாம். வைப்பதற்கு முன் ஸ்கேனில் புரோஸ்டேட்டையும் சிறுநீர்ப்பையையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். வீக்கம் இருந்தால் அந்த இடைவெளிக்கு வேறு மருந்து சேர்ப்பார்கள். வைத்தபின் சிறுநீர் கழிக்கும் தட்டில் ஈரம் விழுகிறதா என்று தினமும் பாருங்கள். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, தட்டிலேயே முனகிக்கொண்டு நின்றாலோ அது சர்க்கரைக்குச் சமமான அவசரம், காலை வரை காத்திருக்க முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், நிறைந்த சிறுநீர்ப்பை கிழிந்துவிடும்.

பட்டினிக் கவலைக்கு: இம்ப்ளான்ட் தோள்களுக்கு நடுவே தோலடியில் தடித்த ஊசியால் வைக்கப்படுகிறது, சில விநாடி வேலை. பிடித்த எண்ணெயை நக்கவிட்டு மயக்கமில்லாமலே பல டாக்டர்கள் வைத்துவிடுகிறார்கள். மயக்கம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் காலை முதல் ஆளாக நேரம் கேளுங்கள், சாப்பாடு நிறுத்துவது 2 மணி நேரத்தைத் தாண்டாமல், முன்னும் பின்னும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். அன்றைய காலை பிரெட்னிசொலோனைக் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

யாராவது மைட்டோட்டேன் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது அட்ரினல் திசுவையே அழிக்கும், கார்டிசால் இறங்கி, இன்சுலினோமா உள்ள ஃபெரெட்டின் சர்க்கரை தரைதட்டும். மெலடோனின் இம்ப்ளான்ட் முடியை மீட்டுத் தரும், ஆனால் உள்ளே கட்டி வளர்வது வெளியே தெரியாமல் போய்விடும். அதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்முடி

எல்லோருக்கும் நன்றி. பிரெட்னிசொலோன் தொடங்கியாயிற்று, 0.16 மி.லி. சரி என்று டாக்டரும் சொன்னார். இன்னும் இரண்டு கேள்வி. வீட்டிலேயே சர்க்கரை பார்க்க மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் போதுமா? அறுவை சிகிச்சை பற்றி யாரும் சொல்லவில்லையே, இந்த வயதில் யோசிக்கலாமா?

பதில்: ஈரமூக்கு

மனித மீட்டர் ஃபெரெட் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதில் 60 என்று வந்ததைப் பார்த்து நீங்களாக மருந்தைக் கூட்டிவிடக் கூடாது. அளவை மாற்றும் முடிவு ஆய்வகக் கருவியின் எண்ணை வைத்துத்தான். மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு பரிசோதனை, பிறகு ஒவ்வொரு அளவு மாற்றத்துக்குப் பின்னும், நிலையாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் தினமும் குத்துவதைவிட நோட்டில் எழுதுவது உதவும்: எழுந்ததும் நடை எப்படி, எச்சில் உண்டா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை. அடுத்த மருந்து நேரத்துக்கு முந்தின இரண்டு மணி நேரத்தில் மட்டும் தள்ளாடினால் மருந்து 12 மணி நேரம் தாங்கவில்லை என்று அந்த நோட்டே காட்டிக் கொடுக்கும். பின்னங்கால் பலவீனத்துக்கு இதயமும் இரத்தசோகையும்கூடக் காரணமாகலாம், சர்க்கரை சரியான பிறகும் தள்ளாட்டம் போகாவிட்டால் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: பழுப்புமீசை

அறுவை சிகிச்சையைத் தாராளமாக யோசிக்கலாம், உங்கள் விஷயத்தில் சாதகமும் இருக்கிறது. இடது அட்ரினல் எடுக்க எளிது. வலது என்றால் பெரிய சிரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இரத்தப்போக்கு ஆபத்து அதிகம். ஒரே முறை வயிற்றைத் திறந்து இடது அட்ரினலையும் கணையத்தில் விரலுக்குத் தட்டுப்படும் முடிச்சுகளையும் எடுத்துவிடலாம், கல்லீரலையும் நிணநீர் முடிச்சுகளையும் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிறு முடிச்சுகள் கணையத்தில் மிஞ்சும், மாதங்கள் கழித்துச் சர்க்கரை மறுபடி இறங்குவது சாதாரணம். வலது அட்ரினலும் பின்னாளில் கெடலாம். நிரந்தரமாகத் தீர்ந்துவிடும் என்று எண்ணிப் போகாதீர்கள். மருந்து தேவைப்படாத, அல்லது குறைவாகத் தேவைப்படும் காலம் ஒன்று கிடைக்கும், அது பெரிய விஷயம்தான்.

போவதானால் அதற்கு முன் இதயத்துக்கு எக்கோ எடுங்கள். மேசையில் டெக்ஸ்ட்ரோஸ் சொட்டு ஓட வேண்டும், சர்க்கரையை இடையிடையே பார்க்க வேண்டும், ஃபெரெட் வயிற்றைத் திறந்து பழகிய கை வேண்டும். "இந்த அறுவை எத்தனை செய்திருக்கிறீர்கள்" என்று நேராகவே கேளுங்கள், நல்ல டாக்டர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். முடிந்தபின் சில நாள் சர்க்கரை உயர்ந்து நிற்கலாம். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும், அதைப் பார்த்துப் பயந்து இன்சுலின் கேட்க வேண்டாம். பிரெட்னிசொலோனை எப்போது குறைப்பது என்பதை மட்டும் வீட்டுக்குக் கிளம்புமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.