மலாக்கா ஜொங்கர் தெரு: சந்தை கூடும் முன்பே போய்விடுங்கள்

மலேசியாவின் மலாக்கா நகரில், ஆற்றை ஒட்டிய ஜொங்கர் தெருவுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை கூடும் இரவுச் சந்தையைக் கணக்கில் வைத்தே கிளம்புகிறார்கள். வேடிக்கை பார்க்க அது சரிதான். ஆனால் அந்த ஊருக்கே உரிய பலகாரங்களை நிதானமாக ருசிக்க விரும்புபவர்களுக்கு அந்த நேரம் ஏற்றதன்று என்பது என் அனுபவம். நெரிசலில் கையில் கிடைப்பது குச்சியில் செருகிய பொரித்த கணவாய் போன்ற, எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும் பண்டமாகவே இருக்கும்.

1753இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து தேவாலயம் நிற்கும் செஞ்சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தெரு தொடங்கிவிடும். பெயர்ப் பலகையில் ஜாலான் ஹங் ஜெபாட் என்றிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம், அதே தெருவின் அதிகாரபூர்வப் பெயர்தான் அது. 2008இல் யுனெஸ்கோ இந்நகரைப் பினாங்கின் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இணைத்தது. பழம்பொருள் கடைகள் குறைந்து நினைவுப்பொருள் கடைகள் பெருகிவிட்டன என்ற மனக்குறை பழகியவர்களிடம் உண்டு, எனக்கும் உண்டு.

இங்குள்ள இனிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் கொடுப்பது தென்னம்பதநீரைக் காய்ச்சி எடுக்கும் குலா மலாக்கா என்னும் கருப்பட்டிதான். செண்டோலில் துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சை நிற மாவிழைகள் எல்லாம் இருந்தாலும், மேலே ஊற்றும் கருப்பட்டிப் பாகு நீர்த்திருந்தால் அத்தனையும் வீண். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிளறும் தொடோலும் அப்படியே, கீழக்கரைத் தொதலை அறிந்தவர்களுக்கு அதன் சுவை புதிதாக இராது.

ஒரு சிறிய கடையில், மலாய்ப் பழக்கவழக்கங்களை ஏற்ற சீன வம்சாவளிப் பெண்களை அழைக்கும் பெயரான நோன்யா மூதாட்டி ஒருவர் ஒண்டே-ஒண்டே என்னும் இனிப்பு உருண்டை செய்துகொண்டிருந்தார். பச்சை மாவைக் கிள்ளி, நடுவில் கருப்பட்டித் துணுக்கை வைத்து உருட்டிக் கொதிநீரில் போட்டு, மிதந்து வந்ததும் அரித்தெடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டினார். நான் பாதியாகக் கடிக்கப் போவதைப் பார்த்துவிட்டு, "அடிக் (தம்பி/தங்கை), முழுதாகப் போட்டு வாயை மூடிக்கொண்டு கடி, இல்லையென்றால் சட்டை போய்விடும்" என்று மலாயில் எச்சரித்தார். உள்ளே உருகியிருந்த பாகு அவர் சொன்னபடியே பீறிட்டது.

சைவ உணவுக்காரர்கள் கேட்டு வாங்குவது நல்லது. ஓத்தாக்-ஓத்தாக் மீனில் செய்வது. காய்கறிப் பூரணம் நிரப்பிய 'பை தீ' என்னும் மொறுமொறுப்பான கிண்ணப் பலகாரத்திலும் இறால் சேர்ப்பது உண்டு.

சற்றுத் தள்ளி ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. 1781இல் டச்சு நிர்வாகம் அளித்த நிலத்தில், பல தலைமுறைகளுக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டி சமூகத்தார் எழுப்பியது. அங்கே சந்தித்த அச்சமூகப் பெரியவரிடம் நான் தமிழில் பேச்சுக் கொடுக்க, அவர் மலாயில் பதில் சொன்னார். வீட்டு மொழியே அதுதானாம். போகியன்று முன்னோர்க்குப் படைக்கும் படையலில் சோறு, கறிகளுடன் நோன்யா வீடுகளில் செய்யும் அதே வகைக் குவே எனப்படும் பலகாரங்களும் இடம்பெறும் என்று அவர் விவரித்தபோது, அதுவரை சீனர்களின் பண்டங்கள் என்று எண்ணித் தின்றவற்றில் நம்மவர் வீட்டு அடுப்புக்கும் பங்குண்டு என்பது புரிந்தது.

ஊர் திரும்பும் முன் குலா மலாக்கா வாங்குவோர் கவனிக்கவும்: மூங்கில் குழாயில் வார்த்த உருளைகளாக விற்பார்கள். வெள்ளைச் சர்க்கரை கலந்தவை கெட்டியாக, வெறும் இனிப்பாக இருக்கும். நல்லது சற்று மென்மையாக, புகை மணத்தோடு நாவில் கரையும். துண்டு கிள்ளிக் கொடுக்கத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.