கோல்ஃபில் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஓரத்து அடியில் எதை மகத்தானது என்பீர்கள்?

கேள்வி: 2005 மாஸ்டர்ஸ் போட்டியில் அகஸ்டா மைதானத்தின் 16-வது குழியில் டைகர் உட்ஸ் அடித்த சிப்பை (பந்தைச் சற்றே தூக்கி உருளவிடும் சிறு அடி) நேற்று மறுபடி பார்த்தேன். பந்து குழி விளிம்பில் ஒரு கணம் நின்று, அப்புறம்தான் உள்ளே விழுகிறது. இதைவிடப் பெரிய அடி உண்டா?

பதில் 1: உண்டு. 1982 யு.எஸ். ஓப்பன் போட்டி, பெபிள் பீச் மைதானம், 17-வது குழி. ஜாக் நிக்லஸ் ஆட்டத்தை முடித்துவிட்டார், அவரும் டாம் வாட்சனும் சமநிலை, வாட்சனின் பந்தோ கிரீனுக்கு இடப்பக்கம் அடர்ந்த புல்லில் கிடக்கிறது, குழி பக்கத்திலேயே, ஆனால் இறக்கம். வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) முகத்தை நன்றாக மேல்நோக்கித் திறந்து மெத்தென்று எடுத்துப் போட்டார், நேரே உள்ளே!

பதில் 2: பந்து விழுந்ததை விடுங்கள். டைகர் குழியைப் பார்த்து அடிக்கவே இல்லை, விலகி மேட்டில் ஒரு இடத்தைக் குறிவைத்தார், மீதியைச் சரிவு பார்த்துக்கொண்டது. அந்த இடத்தைக் கண்டுபிடித்த கண்தான் எனக்குப் பெரிது.

கேள்வி கேட்டவர்: சரி, இன்று வாட்சனைப் பார்க்கிறேன்.