சிங்கப்பூரில் கோழி வளர்த்ததில் மனசை விட்டுப் போகாத ஒன்று: உங்களுக்கு எது?

செம்பவாங் தரைவீடு

போன மழைக்காலத்தில் நடந்தது. ஐந்து பெட்டைகள், சேவல் கிடையாது, கூடு பின்பக்கம் லோங்காங்கை (சாக்கடையை) ஒட்டி. காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே கத்த ஆரம்பித்துவிடும். அன்று சத்தமே இல்லை. கதவைத் திறந்தால் நாலு கோழிகள் உட்காரும் கட்டையின் ஒரே மூலையில், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறாத குறையாக நெருக்கிக்கொண்டு, எல்லாம் முட்டைப் பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. பெட்டிக்குள் மலைப்பாம்பு. தலையும் ஒரு முழ உடம்பும் கம்பிவலைக்கு வெளியே, மீதி உள்ளே. வந்த சந்து வழியாகவே திரும்பிப் போகப் பார்த்திருக்கிறது. வயிற்றில் கருப்பி இருந்ததால் போக முடியவில்லை.

ஆள் வந்து வலையை வெட்டிப் பாம்பைக் கொண்டுபோனார்கள், அதெல்லாம் சரி. ராத்திரி மூன்று மணிக்கு ஒரே ஒரு தடவை கொக்கரிப்பு கேட்டது. எனக்குக் காதில் விழுந்தது. புரண்டு படுத்துக்கொண்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சிராங்கூன் கார்டன்ஸ் அம்மா

எங்கள் வீட்டில் பாம்பு இல்லை, சேவல். நாலும் பெட்டைக் குஞ்சு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நாலரை மாதத்தில் ஒன்றுக்குக் கொண்டை சிவந்து, கழுத்து நீண்டு, ஒரு நாள் தொண்டை கட்டிய பையன் மாதிரி ஒரு சத்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதப்பெட்டியில் ஒரு தாள். பெயர் இல்லை, திட்டு இல்லை. வரிசையாகத் தேதியும் நேரமும் மட்டும்: 4.50, 4.35, 4.52, 4.20. பதினொரு நாள். இந்த ஊரில் விடிவதே ஏழு மணிக்கு. கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும் பேனாவை அழுத்தி ஒரு கோடு.

அந்த வாரமே சேவலைத் தெரிந்தவர் ஒருவரின் பண்ணைக்குக் கொடுத்துவிட்டோம். யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் பார்த்துச் சிரிக்கிறேன், அவர்களும் சிரிக்கிறார்கள்.

நீ சூன் பேரன்

பாம்புக் கதை எழுதியவர் கோபிக்கக் கூடாது. கோழி நடுராத்திரியில் கத்தினால் எழுந்து போக வேண்டும். என் பாட்டி போவாள், கையில் டார்ச்சும் விறகுக்கட்டையும். கம்பத்தில் (கிராமத்தில்) வலையாவது ஒன்றாவது, பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல். அவ்வளவுதான்.

1981-ல் எங்களுக்கு அங் மோ கியோவில் வீடு கிடைத்தது. லாரி வரும் நாள் குறித்தாயிற்று. அப்போது பார்த்து ஒரு கோழி ஒன்பது முட்டையில் அடை உட்கார்ந்திருந்தது. பாட்டி விரல் விட்டு எண்ணினாள்: 21 நாளில் 17 முடிந்தது, இன்னும் நாலு நாள். "நான் வரலை, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டாள். அப்பா கத்தினார், லாரிக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பாதிச் சாமானை இறக்கி வைத்தோம்.

ஏழு குஞ்சு பொரித்தது. தாயையும் குஞ்சுகளையும் எதிர்வீட்டு மலாய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பாட்டி வெறும் பஞ்சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள். ஒன்பதாவது மாடியில் அது துணி போடும் கூடையாக ரொம்ப நாள் இருந்தது.

கூடு கட்டுபவன்

என் கதை சின்னது. கொசு சோதனைக்கு வந்த அதிகாரி கோழித் தண்ணீர்த் தட்டில் டார்ச் அடித்தார், உள்ளே புழு நெளிந்தது. டெங்கி காலம் வேறு. எனக்கு முகமே இல்லை.

ஆனால் மேலே படித்ததில் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், பாம்புக்கும் எலிக்கும் அது கதவு மாதிரி. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு கம்பிவலை வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், திருகாணியும் வாஷரும் போடுங்கள். அடியில் வலையை ஒரு அடி வெளிப்பக்கம் மடக்கி மண்ணுக்குள் புதைத்தால் தோண்டிக்கொண்டு எதுவும் வராது. கதவு இடுக்கில் உங்கள் சுண்டுவிரல் நுழைந்தால் குட்டிப் பாம்பும் நுழையும். தங்கும் கூட்டுக்குள் ஒரு கோழிக்கு நாலு சதுர அடியாவது வேண்டும். காற்று மேல்பக்கம் போக வழி வையுங்கள், இந்தப் புழுக்கத்தில் எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும். மரச்சீவல் ஈரமானால் அன்றே அள்ளுங்கள். மணலும் சாம்பலும் கலந்து ஒரு தொட்டி வைத்தால் தானே புரண்டு செள்ளை உதிர்த்துக்கொள்ளும். முட்டை ஓடு மெலிந்தால் சிப்பி ஓட்டுத்தூள். தண்ணீர்த் தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள் (நான் இப்போது இரண்டு வேளை). தரைவீட்டில் செல்லமாக வளர்க்க அதிகபட்சம் 10, அதுவும் வெளிப்பறவை நுழையாத கூட்டில். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அனுமதியே இல்லை, யாரும் பால்கனியில் முயல வேண்டாம்.

புளோக் 4-வது மாடி

இங்கே யாரும் கூடு கட்டுவது எப்படி என்று கேட்கவில்லையே அண்ணே.

அனுமதி இல்லாத எங்களுக்குக் கீழே திரிகிற கோழிகள்தான் கோழி. அதற்கும் சண்டை. 2017 தொடக்கத்தில் சின் மிங் பக்கம் சத்தம் என்று புகார் போய், 24 கோழிகளைப் பிடித்துக் கொன்றார்கள், ஊரே பேசியது ஞாபகம் இருக்கும். அவை காட்டுக்கோழி என்று அப்போது சொன்னவர்களோடு இன்னும் எனக்கு வழக்கு உண்டு. உபின் தீவில் பாருங்கள்: அசல் காட்டுக்கோழிக்குக் கால் சாம்பல் நிறம், கன்னத்தில் வெள்ளைத் திட்டு, ஆளைக் கண்டால் பறந்துவிடும். எங்கள் புளோக் கீழே இருப்பது மஞ்சள் காலோடு கோப்பிக்கடை மேசைக்கடியில் ரொட்டித்துண்டு பொறுக்குகிறது.

ஒரு நாள் மழையில் தாய்க்கோழி ஒன்று சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இறகை விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரு கோழிதான் என்று நினைத்துக் கிட்டே போனேன். வயிற்றுக்கடியில் பதினான்கு கால்கள் தெரிந்தன. நனைந்தபடி நின்று எண்ணினேன். மறுநாள் பன்னிரண்டு.

செம்பவாங் தரைவீடு

நீ சூன் பேரன் சொன்னதில் கோபம் இல்லை, சொல்ல வேண்டியதுதான். வலை மாற்றிவிட்டேன், வெல்டு கம்பிதான், திருகாணிதான். கட்டை ஆறடி நீளம். ஆனாலும் நாலும் இன்னும் அந்த ஒரே மூலையில்தான் தூங்குகின்றன.