யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன் ஆலயங்கள் கொழும்பு ஆதீனத்தில் இருப்பது ஏன்?

கேள்வி:
தமிழ்நாட்டுத் திருநெல்வேலியின் அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த) சபைகள், பல புரட்டஸ்தாந்து சபைகள் ஒன்றாகி 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்துவிட்டன. அதே திருச்சபைக்கு யாழ்ப்பாணத்திலும் ஓர் ஆதீனம் (ஒரு பேராயரின் ஆளுகைக்குட்பட்ட திருச்சபைப் பகுதி) இருக்கிறது. ஆனால் நல்லூர் புனித யாக்கோபு ஆலயமும் சுண்டுக்குளி புனித யோவான் ஆலயமும் அதில் சேராமல், இலங்கையின் அங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபையின் கொழும்பு ஆதீனத்தின் கீழ் இருக்கின்றன. இதற்கான வரலாற்றுக் காரணத்தை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, இரண்டும் வெவ்வேறு மிஷன்களிலிருந்து தோன்றியவை. 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், பேராயர்களே இல்லாத சபை ஒழுங்கைக் கொண்டிருந்தது. அதன் சபைகள் 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் அங்கம் பெற்று, அவ்வழியே 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் ஆதீனமாயின. எஸ். குலேந்திரன் அதன் முதற் பேராயர். நல்லூர், சுண்டுக்குளி சபைகளோ 1818இல் இலங்கைக்கு வந்த, இங்கிலாந்தின் அங்கிலிக்கன் மிஷன் அமைப்பான சர்ச் மிஷனரிச் சங்கத்தின் பணியில் வேர் கொண்டவை. 1823இல் தொடங்கிய பரி. யோவான் கல்லூரியும் அப்பணியின் விளைவே.

ஆக, பேராயர் வேண்டாம் என்றிருந்த சபைகள் பேராயரை ஏற்று இணைப்பினுள் சென்றன. பேராயர் மரபுடைய சபைகள் வெளியே நின்றன. யாழ்ப்பாணத் திருச்சபை வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

மறுமொழி 2:
மேலே கூறப்பட்டதோடு நிருவாக வரலாற்றையும் சேர்க்க வேண்டும். இலங்கையின் அங்கிலிக்கன் சபைகள் முதலில் கல்கத்தாப் பேராயரின் கீழும், பின்னர் சென்னைப் பேராயரின் கீழும் இருந்து, 1845இல் ஜேம்ஸ் சாப்மன் முதற் பேராயராக வந்தபோது கொழும்பு ஆதீனமாகத் தனித்தன. அந்த ஆதீனம் தீவு முழுவதையும் உள்ளடக்கியதால் யாழ்ப்பாணமும் இயல்பாகவே அதன் பகுதியாயிற்று. இதனால் மிஷனரிகளுக்கும் பேராயருக்கும் இடையே அதிகாரப் போட்டி எழாமல் இல்லை: 1876இல் பேராயர் கொப்பிள்ஸ்டன், தோட்டத் தமிழர்களிடையிலான பணி தொடர்பான கருத்து வேறுபாட்டில், சர்ச் மிஷனரிச் சங்கத்தின் மிஷனரிகளுக்கு வழங்கியிருந்த பணி உரிமங்களை மீட்டுக்கொண்டார். பேராயரின் மேலாண்மையை இவ்வளவு வலியுறுத்திய ஆதீனம், பேராயரால் குருப்பட்டம் பெறாதவர்களையும் ஏற்றுக்கொண்ட 1947 இணைப்பைத் தயக்கத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. அதோடு இலங்கையிலேயே பல சபைகளை ஒன்றாக்கும் தனியான இணைப்புப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அத்திட்டம் 1970களின் தொடக்கத்தில் நீதிமன்ற வழக்கினால் நின்றுபோனது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இன்று இலங்கைத் திருச்சபைக்கு மேலே யார் இருக்கிறார்?

மறுமொழி 3:
1970 வரை இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இலங்கைத் திருச்சபை என்ற பெரிய திருச்சபை மாகாணத்தில் (பல ஆதீனங்கள் ஒரு தலைமைப் பேராயரின் கீழ் சேர்ந்த அமைப்பு) அது அங்கமாக இருந்தது. குருநாகல் ஆதீனத்தின் முதற் பேராயரான லக்தாச டி மெல் 1962இல் அம்மாகாணத்தின் தலைமைப் பேராயராகக் கல்கத்தாவுக்குச் சென்றார். வட இந்தியத் திருச்சபை 1970இல் உருவாகி மாகாணம் கலைந்தபின், கொழும்பும் 1950இல் பிரிந்த குருநாகலும் எந்த மாகாணத்திலும் சேராதவையாயின. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான கன்ரபரித் தலைமைப் பேராயர் அவற்றுக்கு மேற்பார்வை அதிகாரம் உடையவர். ஆனால் நாளாந்த நிருவாகத்தை அந்தந்த ஆதீனப் பேராயரும், குருமாரும் பொதுநிலையினரும் அமரும் ஆதீன மன்றுமே நடத்துகின்றனர். யாழ்ப்பாணச் சபைகள் தங்கள் பிரதிநிதிகளைக் கொழும்பு ஆதீன மன்றுக்கே அனுப்புகின்றன.