வட்டெறி வீரன் சிலை: அசல் வார்ப்பா, நகலா?

பழசுப் பைத்தியம்:
ஞாயிறு காலை பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில பாய் விரிச்சு வித்தவர்கிட்ட வெண்கல வட்டெறி வீரன் ஒண்ணு வாங்கினேன். 380 வெள்ளி. பீடத்து ஓரத்துல பாரிஸ் வார்ப்புப் பட்டறை 'பார்பெதியென்' பேரு வெட்டியிருக்கு. அசல்தான், சந்தேகமே இல்ல.

பட்டறைக்காரன்:
தம்பி, அசல்மேல அச்செடுத்தா பேரும் சேர்ந்துதான் வரும். எழுத்து விளிம்பை நகத்தால தடவிப் பாருங்க. கூரா தட்டுப்படுதா, கரைஞ்ச சோப்பு மாதிரி மழுங்கியிருக்கா? அப்புறம் உயரம். வெண்கலம் ஆறும்போது நூத்துக்கு ஒன்றரை, ரெண்டு பங்கு சுருங்கும். 40 சென்டிமீட்டர் சிலையில அச்செடுத்தா நகல் 6, 8 மில்லிமீட்டர் குட்டையா வரும்.

பழசுப் பைத்தியம்:
அண்ணே, அந்தப் பட்டறையே ஒரே சிலையைப் பல அளவுல வித்துச்சே! சிலையைச் சின்னதாக்குற மெஷின் கண்டுபிடிச்ச கோலாஸோட 1838ல கூட்டு சேர்ந்ததே அதுக்குத்தானே. சின்னதெல்லாம் நகலா?

பட்டறைக்காரன்:
அந்த அளவுகளுக்கு நடுவுல வித்தியாசம் பார்த்தாலே தெரியும். 7 மில்லிமீட்டர் குறைச்சு எவன் தனி அளவு போடுவான்?

ஆயர் ஈத்தாம் அக்கா:
பழங்காலக் கிரேக்கச் சிற்பி மைரோன் செஞ்ச வட்டெறி வீரனோட அசல் வெண்கலமே இன்னிக்கு இல்ல. லண்டன்ல, ரோம்ல இருக்கிறது ரோமானியர் செஞ்ச பளிங்கு நகல். அதுக்கு வரிசையில நிக்கிறோம். அழகா இருந்தா அலமாரியில வைங்க லா.

பட்டறைக்காரன்:
வைக்கட்டும்க்கா. நாளைக்கு அசல்னு சொல்லி 5,000 வெள்ளிக்கு இன்னொருத்தர் தலையில கட்டாம இருந்தா சரி. தம்பி, அடியில ஸ்குரூ எப்படி?

பழசுப் பைத்தியம்:
பிளஸ் ஸ்குரூ.

பட்டறைக்காரன்:
அது 1930கள்லதான் வந்தது. ரிப்பேர்ல மாத்தியிருக்கலாம், அதை மட்டும் வெச்சுத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். பீடத்துக்கு உள்பக்கம், கண்ணுல படாத இடத்துல ஊசியால லேசா கீறுங்க. வெள்ளையா மினுங்கினா துத்தநாகம், மேல வெண்கலச் சாயம்.

பழசுப் பைத்தியம்:
கீறியாச்சு. மஞ்சள்! இப்ப என்ன சொல்றீங்க?

பட்டறைக்காரன்:
துத்தநாகம் இல்லன்னு தெரிஞ்சது. எந்த வருஷம் வார்த்ததுன்னு கீறல் சொல்லாது. ஸ்கேல் எடுங்க.

பழசுப் பைத்தியம்:
39.3. பழைய ஏலப் பட்டியல் ஒண்ணுல இதே சிலை 40ன்னு போட்டிருக்கு.

ஆயர் ஈத்தாம் அக்கா:
பீடத்தோட சேர்த்தா, சேர்க்காமலா?

பழசுப் பைத்தியம்:
அதை எழுதலக்கா.