விசைத்தறிப் பதிவுடன் சேரும்போது கிக் (தாழ்ந்த டிரம் அடி) சில அடிகளில் மட்டும் வலுவிழக்கிறது: காரணம் கண்டறிய உதவி தேவை

தறியோசை:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வீட்டு அறை ஒன்றில் தனியாக அமர்ந்து இண்டஸ்ட்ரியல் வகை மின்னணு இசை செய்யத் தொடங்கியிருக்கிறேன். உலோகத் தகடுகளையும் கட்டட இடிபாடுகளையும் அடித்தே இசை செய்த பெர்லினின் ஐன்ஷ்டுர்ட்ஸெண்டே நொய்பாவ்டன், லண்டனின் டெஸ்ட் டிபார்ட்மெண்ட் ஆகிய குழுக்களைக் கேட்ட பிறகு, விலைக்குக் கிடைக்கும் ஒலித் தொகுப்புகளைக் கொண்டு இந்த இசையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எனவே, சோமனூரில் உறவினர் ஒருவர் நடத்தும் தறிக்குடோனில் ஓடும் விசைத்தறியின் ஓசையையே என் முதல் பாட்டுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டேன்.

பதிவு செய்த முறை இது. பியசோ வில்லை (அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் சிறு தகடு) ஒன்றில் ஒயரைப் பற்றவைத்துத் தறியின் இரும்புச் சட்டத்தில் ஒட்டினேன். அதை ஓர் இணைப்பான் வழியாக ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டில் கொடுத்தேன். மடிக்கணினி அங்கேயே சார்ஜரில் செருகியிருந்தது. பதிவு தகரத்தைத் தட்டியது போல மெலிந்து ஒலித்ததால், ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 60 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை நன்றாக உயர்த்தினேன். தறி நிமிடத்துக்குச் சுமார் 140 ஊடை (குறுக்கு நூல்) போடுகிறது. என் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 128 அடி என்பதால் அதை மென்பொருளில் நீட்டி, நான்கு பார் (ஒரு பாருக்கு நான்கு அடி) கொண்ட, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக வெட்டி வைத்திருக்கிறேன். கிக்கின் சுருதி கீழ் ஜி, அதாவது ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ். எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பதற்காக எல்லா டிராக்குகளும் ஒன்றுசேரும் மாஸ்டரில், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டிருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், ஒரே கிக் சாம்பிளை ஒரே அழுத்தத்தில் வரிசையாக வைத்திருந்தும், சில அடிகள் நெஞ்சில் இடிப்பது போலவும் வேறு சில அடிகள் வெறும் கூடு போலவும் கேட்கின்றன. வலுவிழக்கும் அடிகள் நான்கு பாருக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்ப வருகின்றன. தறியின் டிராக்கை நிறுத்தினால் எல்லா அடிகளும் சமமாகிவிடுகின்றன. மென்பொருள் ரீப்பர். எங்கே தேடுவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரும்புச்சரம்:

வணக்கம் நண்பரே. தறியின் ஓசை கிக்கை மறைக்கிறது என்றே தோன்றுகிறது. தறி டிராக்கில் ஒலியின் உரப்பை அடக்கும் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு, அதை இயக்கும் துணை உள்ளீடான சைட்செயினுக்குக் கிக்கைக் கொடுங்கள். கிக் விழும் ஒவ்வொரு முறையும் தறி சற்றே தாழ்ந்து வழிவிடும். பெல்ஜியத்தின் ஃப்ரன்ட் 242 வழியில் வந்த நடன வகைப் பாட்டுகளை நான் செய்யும்போது இந்த முறை எனக்கு எப்போதும் பயன்படுகிறது. ஐந்து நிமிட வேலை. முதலில் இதைச் செய்து பாருங்கள்.

ஒலிப்பொறி:

சைட்செயின் நல்ல கருவிதான். ஆனாலும் இங்கே அதை முதலில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி, நோய் வேறிடத்தில் இருப்பதைக் காட்டுகிறது. தறியின் ஓசை வெறுமனே கிக்கை மறைப்பதாக இருந்தால், தறி உரக்க அடிக்கும் இடங்களில் கிக் மங்க வேண்டும். உங்களுக்கோ நான்கு பாருக்கு ஒருமுறை வலுவும் மெலிவும் ஒரே வரிசையில் திரும்புகின்றன. இது இரண்டு தாழ்ந்த அதிர்வுகள் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்தும் செல்வதன் அடையாளம்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உங்கள் பதிவில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்று இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். கிக்கோ 49 ஹெர்ட்ஸில் நிற்கிறது. 128 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 468.75 மில்லிசெகண்ட், அந்த இடைவெளியில் 50 ஹெர்ட்ஸ் அலை 23 முழுச் சுற்றுகளை முடித்து, இருபத்து நான்காவது சுற்றின் பாதியை நெருங்கியிருக்கும். ஆகவே ஓர் அடி அலையின் மேட்டில் விழுந்தால் அடுத்தது ஏறக்குறைய பள்ளத்தில் விழுகிறது. நான்கு பார் முடியும்போது சரியாக 375 சுற்றுகள் நிறைவடைகின்றன. லூப்பும் அங்கேயே திரும்பத் தொடங்குவதால், மெலியும் அடிகளின் வரிசையும் மாறாமல் திரும்புகிறது.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. தறி டிராக்கின் துருவத்தைத் தலைகீழாக்குங்கள் (அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்). இதுவரை வலுவாக இருந்த அடிகள் மெலிந்து, மெலிந்தவை வலுப்பெற்றால் ஐயமில்லை. கூடவே, தறி டிராக்கை மட்டும் ஒலிக்கவிட்டு அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் அலைமாலை காட்டியில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் இடங்களில் அசையாத மெல்லிய கோடுகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். சிறிய ஸ்பீக்கர்களில் 50 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது. கண்ணால் பார்ப்பதே நல்லது.

தறியோசை:

இரண்டையும் செய்து பார்த்தேன். துருவத்தை மாற்றியதும் வலுவான அடிகளும் மெலிந்த அடிகளும் அப்படியே இடம் மாறிவிட்டன. 50 ஹெர்ட்ஸில் கம்பி போல ஒரு கோடு நிற்கிறது. 100 ஹெர்ட்ஸில் இருக்கும் கோடு அதைவிட உயரமாகவும் சற்றுப் பருத்தும் தெரிகிறது. குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் கொண்டு இவற்றை வெட்டிவிட்டால் போதுமா? தறியின் பதிவு ஏன் இவ்வளவு மெலிந்து வந்தது என்பதும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒலிப்பொறி:

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒன்றுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பியசோ வில்லை மின்சுற்றில் ஒரு சிறிய மின்தேக்கி போல நடந்துகொள்கிறது. கடைகளில் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் வில்லையின் மின்தேக்கம் சுமார் 20 நானோஃபாரட். மைக் உள்ளீட்டின் மின்மறுப்பு (மாறு மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) பெரும்பாலும் 2,000 ஓம் அளவில்தான் இருக்கும். இவை இரண்டும் சேர்ந்து, 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அனைத்தையும் படிப்படியாகத் தேய்க்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டராகிவிடுகின்றன. 50 ஹெர்ட்ஸுக்கு வரும்போது ஏறத்தாழ 38 டெசிபெல் போய்விடுகிறது. உங்கள் தறியின் கனம் கம்பியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. சார்ஜர், நிலக்கம்பி வழியாக நுழையும் மின் இரைச்சலுக்கோ இந்தத் தேய்மானம் கிடையாது. இந்த நிலையில் 60 ஹெர்ட்ஸை உயர்த்தியபோது நீங்கள் உயர்த்தியது தறியை அன்று, பெரும்பாலும் மின் இரைச்சலையே. அதன் மேல் டிஸ்டார்ஷனும் வந்ததால் இரைச்சல் பெருத்துக் கிக்கோடு மோதுகிறது. நாட்ச் ஃபில்டர் மோதலை நிறுத்தும். ஆனால் வராத கனத்தை அது கொண்டுவர முடியாது. குடோனுக்கு மறுபடி போகும் வாய்ப்பு இருந்தால் பதிவையே புதிதாக எடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

மறுபதிவில், இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்று இருக்கும் இன்ஸ்ட்ருமெண்ட் உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் 10 லட்சம் ஓம். அங்கே தேய்மானம் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்கும். மின்மறுப்பு கூடும்போது வெளி இரைச்சலை இழுக்கும் தன்மையும் கூடும் என்பதால், இரண்டு தனி ஒயர்களுக்குப் பதிலாக உறையிட்ட கேபிளையே பற்றவையுங்கள்: நடுக்கம்பி வெள்ளை பீங்கான் பக்கத்துக்கு, வெளிப்பின்னல் பித்தளைத் தகட்டுக்கு. தறிச் சட்டம் இரும்பு என்பதால் பித்தளை அதை நேரடியாகத் தொடாதபடி நடுவே மெல்லிய இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பீங்கான் பக்கத்தை டேப்பால் மூடி, அதன் மேல் செம்புத் தாள் சுற்றிப் பின்னலோடு இணைத்தால் இன்னும் அமைதியாக இருக்கும். மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும். கேபிள் நீளமாக வேண்டுமானால், ஜேஃபெட் டிரான்சிஸ்டர் ஒன்றும் 9 வோல்ட் பேட்டரியும் கொண்ட சமிக்ஞை தேயாமல் காக்கும் சிறிய பஃபர் சுற்றை வில்லைக்கு அருகிலேயே வைத்துவிடலாம். இதைத் தயங்காமல் செய்யுங்கள். 1976-ல் தொடங்கிய தங்கள் வெளியீட்டு நிறுவனத்தின் பெயரால் இந்த இசைக்கே பெயர் தந்த த்ராபிங் கிரிஸ்டில் குழுவின் கிறிஸ் கார்ட்டர், 1975-ல் ஒரு பிரித்தானிய மின்னணுப் பத்திரிகையில் வந்த சுற்று வரைபடத்தை அடிப்படையாக வைத்துத்தான் அக்குழுவின் எஃபெக்ட் பெட்டிகளைக் கட்டினார். சாலிடரிங் இந்த இசையின் பகுதியாகவே தொடக்கம் முதல் இருந்துவருகிறது.

மேலும் ஒன்று. 100 ஹெர்ட்ஸ் கோடு பருத்துத் தெரிகிறது என்றீர்கள். அதை முழுவதும் குப்பை என்று தள்ளிவிட வேண்டாம். மின் மோட்டாரின் இரும்பு உடல், மின்னோட்ட அதிர்வெண்ணின் இருமடங்கில் உண்மையாகவே அதிர்கிறது. அது இயந்திரத்தின் சொந்தக் குரல். மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அப்போதும் எஞ்சி நிற்பது மின் இரைச்சல். மறைந்துபோவது மோட்டாரின் குரல்.

பல்லடத்தான்:

தம்பிக்கு வணக்கம். எனக்கு இந்த இசை பழக்கமில்லை, தறி பழக்கம். நாங்கள் நாள் முழுதும் கேட்கும் ஓசையை ஒருவர் இவ்வளவு அக்கறையோடு பாட்டில் கொண்டுவர முயல்கிறார் என்பதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

நாடா (ஊடை நூலைக் கொண்டு செல்லும் கட்டை) ஓடும் தறியில் ஓர் ஊடைக்கு நாடா இடமிருந்து வலம் போகும், அடுத்த ஊடைக்கு வலமிருந்து இடம் வரும். இரண்டு பக்கமும் பெட்டியில் மோதும் ஓசை ஒன்றாக இருக்காது. மேலே உள்ள கிராங்க் தண்டு ஒவ்வோர் ஊடைக்கும் ஒரு சுற்று சுற்றினால், கீழ்த்தண்டு இரண்டு ஊடைக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே தறியின் ஒரு முழு நடை என்பது இரண்டு ஊடை. நீங்கள் துண்டு வெட்டும்போது ஒற்றைப்படையில் வெட்டினால் தறி இடறுவது போலக் கேட்கும். தறிக்காரர் காதுக்கு அது உடனே தெரியும். இரட்டைப்படையில் வெட்டுங்கள்.

வில்லையை எங்கே ஒட்டினீர்கள் என்று சொல்லவில்லை. நடுச் சட்டத்தில் ஒட்டினால் எல்லாம் கலந்து வரும். நாடாப் பெட்டி இருக்கும் பக்கத்துச் சட்டத்தில், கீழே தரையோடு போல்ட் போட்ட காலுக்கு அருகில் ஒட்டிப் பாருங்கள். அடி கனமாக இறங்கும். தறி நின்றிருக்கும்போது மட்டுமே ஒட்டவும் கழற்றவும் வேண்டும். கேபிளைப் பெல்ட்டுக்கும் நாடாவை அடித்து ஓட்டும் பிக்கிங் குச்சிக்கும் எட்டாத பக்கமாகக் கட்டிவிடுங்கள். நாடா எகிறி வெளியே பறப்பதும் உண்டு. அது போகும் நேர்வரிசையில் நிற்காதீர்கள். காதுக்குப் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் பலருக்கு வயதாகும் முன்பே காது மந்தமாகிவிட்டது.

இரும்புச்சரம்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 140-ல் ஓடும் தறியை 128-க்கு நீட்டும்போது ஒவ்வோர் அடியின் கூர்முனையும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்குகிறது. இந்த வகைக்கு அந்தக் கூர்மைதான் உயிர். பாட்டின் வேகத்தைத் தறியின் வேகத்துக்கே மாற்றிவிடுங்கள். பெல்ட் வழுக்குவதால் தறி சற்று முன்பின்னாகப் போகும். அதைக் கட்டத்துக்குள் அடைக்காமல், பாரின் முதல் அடியை மட்டும் பொருத்தி மற்றவற்றை அவற்றின் போக்கில் விட்டால் இயந்திரம் உயிரோடு இருக்கும். ஒலிப்பொறி நண்பர் சொன்ன காரணத்தை இப்போது ஏற்கிறேன். சைட்செயின் போட்டிருந்தால் இரைச்சலும் கிக்கோடு சேர்ந்து ஏறி இறங்கியிருக்கும். ஆயினும் சுத்தமான பதிவின் மேல் இரண்டு மூன்று டெசிபெல் அளவுக்கு அது தேவைப்படும் என்றே நினைக்கிறேன்.

தறியோசை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பல்லடத்து ஐயா சொன்ன இடத்திலேயே வில்லையை ஒட்டி, இன்ஸ்ட்ருமெண்ட் உள்ளீட்டில், பேட்டரியில் மறுபதிவு செய்துவிட்டேன். இடப்பக்க மோதலும் வலப்பக்க மோதலும் இப்போது இரண்டு தனித்தனிக் குரல்களாகக் கேட்கின்றன. ஈக்யூவில் எதையும் உயர்த்தத் தேவையிருக்கவில்லை. 50 ஹெர்ட்ஸ் கோடு தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது. மோட்டாரை அணைத்ததும் 100 ஹெர்ட்ஸ் அடியோடு மறைந்துவிட்டது. பாட்டு 140-க்கு மாறிவிட்டது. கிக் எல்லா அடிகளிலும் சமமாக இருக்கிறது.

ஆனால் மாஸ்டரில் டிஸ்டார்ஷனைத் திறந்தவுடன் எல்லாம் ஒரே கூழாகிவிடுகிறது. அந்தக் கடுமை எனக்கு வேண்டும். அதை எப்படிக் காப்பாற்றுவது?

ஒலிப்பொறி:

டிஸ்டார்ஷனுக்குள் ஓர் ஒலி போனால் அதன் மடங்குகள் வெளிவரும். இரண்டு ஒலிகள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட வெளிவரும். 49-ல் கிக்கும் 100-ல் மோட்டாரும் ஒன்றாகப் போகும்போது 51-லும் 149-லும் நீங்கள் வைக்காத ஒலிகள் பிறக்கின்றன. அந்த 51 மறுபடியும் கிக்கோடு மோதும். மாஸ்டரில் போட்டால் பாட்டில் உள்ள ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இப்படிக் கலக்கிறது. கூழுக்குக் காரணம் அதுவே.

மாஸ்டரிலிருந்து அதை எடுத்துவிட்டுத் தறிக்குத் தனியாக, கிக்குக்குத் தனியாகப் போடுங்கள். தறியில், டிஸ்டார்ஷனுக்கு முன்னால் 120 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் வைத்து, உள்ளே போவதைக் குறைத்துவிட்டு, பிறகு தயங்காமல் நசுக்குங்கள். மோட்டாரின் 100 ஹெர்ட்ஸ் உங்களுக்கு வேண்டுமானால் அதை நசுக்காத தனி டிராக்காக அடியில் மெல்ல ஓட்டுங்கள். கிக்கை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பகுதியைச் சுத்தமாக விட்டு, மேல்பகுதியை மட்டும் கடிக்கவிடுங்கள். பிளக்-இன்னில் ஓவர்சாம்பிளிங் (கூடுதல் மாதிரி வீதத்தில் கணக்கிடும் வசதி) இருந்தால் இயக்குங்கள். 44,100 மாதிரி வீதத்தில் 22,050 ஹெர்ட்ஸைத் தாண்டிப் பிறக்கும் மடங்குகள் சுருதியற்ற ஒலிகளாகக் கீழே மடங்கி விழுவதை அது பெருமளவு தடுக்கும். அந்த மடிப்பையே விரும்பிச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்வதானால் தெரிந்து செய்யுங்கள்.

பர்மிங்காமின் காட்ஃபிளெஷ் குழுவைக் கவனித்துக் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரு டிரம் மெஷினுமாக அவர்கள் கொடுக்கும் கனத்துக்கு, அடுக்குகள் குறைவாக இருப்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கிக், தறி, ஒரு பேஸ் சிந்த், குரல் என்ற நான்கோடு நிறுத்திக்கொண்டு ஒரு நிமிடத்தை மட்டும் முடித்து இங்கே பகிருங்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னும் பின்னுமாகத் தறி டிராக்கைத் தனியாகவும் அனுப்பினால், எவ்வளவு நசுக்கலாம் என்பதை அளவோடு சொல்ல முடியும்.