கலைச்சொல்: முழுவோடைக்கு எதிர்ச்சொல் எது?

வணக்கம். வலைப்பதிவின் புதிய பதிவுகளைப் படிப்பி நிரல்களுக்குத் தருவது செய்தியோடை (feed). அதன் அமைப்புப் பக்கத்தின் தமிழாக்கத்தில் இரண்டு தெரிவுகள் நிற்கின்றன. பதிவு முழுதையும் ஓடையில் விடுவது ஒன்று, கொஞ்சம் மட்டும் விடுவது மற்றொன்று. முதலாவதற்கு ‘முழு ஓடை’ என்பதில் யாருக்கும் மறுப்பு இராது. இரண்டாவதற்கு ‘பகுதி ஓடை’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

———

> இரண்டாவதற்கு ‘பகுதி ஓடை’ என்று எழுதியிருக்கிறேன்.

வேண்டாம். வலைப்பதிவில் ஒரு பகுப்புக்கு மட்டும் தனி ஓடை உண்டு. ‘பகுதி ஓடை’ என்றால் அதைத்தான் நினைப்பார்கள். ‘குறையோடை’யும் கூடாது, பயனர் தேர்ந்தெடுக்கும் முன்பே அது குறை என்று நாமே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். (குறைதான் என்பது என் கருத்து. ஆனால் கலைச்சொல்லில் அதை நுழைக்கக் கூடாது.)

இன்னொன்று, முழு + ஓடை சேர்த்து எழுதினால் முழுவோடை. ‘முழோடை’ ஆகாது. ‘ழு’ வல்லின எழுத்து அல்ல என்பதால் அதில் உள்ளது முற்றியலுகரம்; கெடாது, வகர உடம்படுமெய் பெறும்.

———

சொல்லுக்கு முன் பொருளைப் பிரிப்போம். ‘கொஞ்சம் மட்டும்’ என்பதில் இரண்டு வெவ்வேறு சரக்கு இருக்கிறது. பதிவின் தொடக்கப் பகுதியை நிரல் தானாக வெட்டித் தருவது ஒன்று. எழுதியவரே இரண்டு மூன்று வரியில் சாரத்தை எழுதித் தருவது மற்றொன்று.

2005 டிசம்பரில் வந்த ‘ஆட்டம்’ (Atom) என்ற ஓடை வடிவத் தரம் (ஆர்.எஃப்.சி. 4287) உள்ளடக்கத்துக்கு ஓர் உறுப்பு, சாரத்துக்கு ஓர் உறுப்பு என்று தனித்தனியே வைத்தது. பதிவின் உரையையே சாரத்திலும் திரும்பப் போடுவது உகந்ததல்ல என்றும் அதிலேயே இருக்கிறது. பயனுள்ள சாரம் இருப்பதாக ஓடைப்படிப்பி ஏமாந்துபோகும் என்பது காரணம். இன்னொரு ஓடை வடிவமான ஆர்.எஸ்.எஸ். 2.0-இல் இந்தத் தெளிவு கிடையாது. ‘டிஸ்கிரிப்ஷன்’ என்ற ஒரே உறுப்பில் சாரமும் இருக்கலாம், முழு உரையும் இருக்கலாம். அதனால்தான் முழு உரைக்கென்று ‘கன்டென்ட்: என்கோடட்’ என்ற ஒட்டு உறுப்பு புழக்கத்துக்கு வந்தது. வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸில் முழு உரையைத் தேர்ந்தால் இரண்டு உறுப்பும் வரும். சாரத்தைத் தேர்ந்தால் டிஸ்கிரிப்ஷன் மட்டுமே வரும்.

ஆகவே: தானாக வெட்டியது நறுக்கோடை (ஓலை நறுக்கு நினைவுக்கு வரட்டும்), கையால் எழுதியது சுருக்கவோடை.

———

> கையால் எழுதியது சுருக்கவோடை

‘சுருக்கம்’ என்பதைக் கோப்பை அமுக்கிச் சிறிதாக்குவதற்கும் எழுதுகிறோம். ஓடையை ஜிசிப் முறையில் அமுக்கி அனுப்புவது அன்றாட வேலை என்பதால் நிச்சயம் குழப்பும். ‘பொழிப்பு’ என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறதே. பொழிப்போடை. ஓடைக்குப் பொழிவதும் பொருத்தம்தான்!

நறுக்கோடைக்கு விளக்கம் எழுதும்போது, தமிழில் எங்கே வெட்டுவது என்பதையும் சேர்க்க வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் 5 குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் குறிக்கு 3 பைட், ஆக 15 பைட். 10 பைட்டில் வெட்டினால் ‘தமி’க்குப் பின் ஓர் உடைந்த பைட் ஒட்டிக்கொள்ளும். ஓடை எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். மொழியின் பாகுபடுத்தி அதைப் பொறுக்காது. அந்தப் பதிவு மட்டுமல்ல, ஓடை முழுதுமே திறக்காமல் போகும். குறி எண்ணி 4-இல் வெட்டினால் ஓடை திறக்கும், ஆனால் ‘தமிழ’ என்று நிற்கும். இடைவெளி பார்த்துச் சொல் சொல்லாக வெட்டுவதுதான் வழி. வேர்ட்பிரஸ் அப்படித்தான் 55 சொல் எடுக்கிறது, எச்.டி.எம்.எல். வடிவமைப்புக் குறிகளையும் உரித்துவிடுகிறது. உரிக்காமல் வெட்டும் நிரல்களில் மூடாத சாய்வெழுத்துக் குறி ஒன்று தப்பி, அடுத்த பதிவெல்லாம் சாய்ந்து கிடப்பதைக் காணலாம்.

———

சொல் ஒருபுறம் இருக்க, உதவிக்குறிப்பில் எதைப் பரிந்துரைப்பது? முழுவோடை விட்டால் திருட்டுத் தளங்கள் அப்படியே அள்ளிக்கொள்கின்றன என்ற புகார் வருமே.

———

நறுக்கோடை விட்டாலும் அள்ளுவார்கள். ஓடையில் உள்ள இணைப்பைப் பிடித்துப் பக்கத்துக்கே போய் எடுப்பது சில வரி நிரல். நறுக்கினால் தடுக்கப்படுவது இணைப்பில்லாத நேரத்தில் படிப்பவரும், படிப்பிக்குள்ளேயே பழைய பதிவைத் தேடுபவரும்தான். முழுவோடையைப் பரிந்துரைப்போம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் மூல இணைப்பு இருக்கட்டும். படங்களுக்கு முழு முகவரி வேண்டும். தளப் பெயர் இல்லாத சார்பு முகவரி பல படிப்பிகளில் வெற்றுக் கட்டமாகத்தான் தெரியும்.

அளவு மட்டும் கவனிக்க வேண்டியது. சொல்லுக்கு இடைவெளியோடு 28 பைட் என்று வைத்தால் 1,000 சொல் பதிவு ஏறத்தாழ 28 கிலோபைட், 10 பதிவுக்கு 280. பதிவு எண்ணிக்கையை 20 ஆக்கினால் 560. ஓடை வழங்கும் சேவையான ஃபீட்பர்னர் ஒரு காலத்தில் வைத்த 512 கிலோபைட் போன்ற வரம்பு தாண்டிவிடும். அப்போது உரையை நறுக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். ஜிசிப் இருந்தால் வழியில் போகும் அளவு நன்றாக இறங்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே முதல் பைட்டில் தொடங்குவதால் அமுக்கத்துக்குத் தோது.

———

ஒரு சிக்கல். வேர்ட்பிரஸில் அந்த இரண்டாம் தெரிவு ஒன்றே ஒன்று. கையால் எழுதிய சாரம் இருந்தால் அதை எடுக்கும், இல்லாவிட்டால் தானே வெட்டும். நறுக்கா, பொழிப்பா? பொத்தானில் எதை எழுதுவது?

———

பொதுச்சொல் வேண்டும் என்றால் குறுவோடை. முழுவோடை × குறுவோடை, சந்தியும் ஒன்றே.

———

குறுவோடை என்றால் பதிவு எண்ணிக்கை குறைவு என்று படாதா?

———

எண்ணிக்கைக்குத் தனிப் பெட்டி அதே பக்கத்தில் மேலேயே இருக்கிறது, படாது. பொத்தானில் ‘முழுவோடை’, ‘குறுவோடை’. உதவிக்குறிப்பில் குறுவோடையின் வகைகளாக நறுக்கோடை, பொழிப்போடை. தலைப்பு மட்டும் வருவதற்குத் தலைப்போடை. பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘ஓடை’ என்பதையே நேரலை ஒளிபரப்புக்கும் ஆள்கிறார்களே என்பவர்கள் தனி இழை தொடங்கவும்.